பச்சை உடம்பும் உறையும் ரத்தமும்

“பிள்ளைப்பேற்றில் ரத்தப்போக்குக்குத்தான் பயப்பட வேண்டும், ரத்தம் உறைந்து கட்டுவதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு வருகிற நோய், நம்மவர்களுக்கு வராது.” மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தின் படித்த குடும்பங்களிலேயே இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. குடும்பங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆசியர்களுக்கு இது அபூர்வம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஒரு பெண் கருவுற்ற நாளிலிருந்து குழந்தையைத் தொட்டிலில் போடும் நாள்வரை அவளைச் சுற்றி நடக்கும் பேச்சில் சர்க்கரை வரும், பிபி வரும், தைராய்டு வரும், ஹீமோகுளோபின் எத்தனை என்ற கேள்வி வரும். காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையலாம், உறைந்த கட்டி பெயர்ந்து மேலேறி நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைக்கலாம், சில மணி நேரத்தில் உயிரே போகலாம் என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. வராத நோயைப் பற்றி யார் பேசுவார்கள்? இந்த ‘வராது’ என்பதை ஒட்டி இன்னும் சில நம்பிக்கைகளும் உண்டு. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம். சிசேரியன் ஆனவர்கள்தான் கவலைப்பட வேண்டும். படுத்தே கிடந்தால் பத்திரம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று. உறைவைத் தடுக்கும் ஊசி போட்டால் ரத்தம் நிற்காமல் ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியைக் காட்டி மிச்சத்தையும் நம்ப வைத்துவிடுகிறார்கள்.

இனம் பற்றிய வாதத்தில் உள்ள துளியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் 1994-இல் கண்டறிந்து, அந்த ஊரின் பெயராலேயே ‘ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்’ என்று வழங்கும் மரபணுப் பிறழ்வு ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேரிடம் இருக்கிறது. ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் இந்தப் பிறழ்வு ஆசியர்களிடம் மிகவும் குறைவு. அமெரிக்காவில் எடுத்த கணக்குகளிலும் ஆசியப் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த உறைவு சற்றுக் குறைவாகவே தெரிகிறது; அங்கே ‘ஆசியர்’ என்ற கட்டத்துக்குள் சீனர், பிலிப்பினோ, தமிழர் எல்லோரையும் ஒன்றாக அடைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. மேலும், கருவுற்ற பெண்ணின் ரத்தம் கெட்டிப்படுவதற்கு வம்சாவளி மரபணு ஒன்றும் வேண்டியதில்லை. பேற்றின்போது தாய் ரத்தம் இழந்து சாகாமல் இருக்க, உடம்பே மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்துகொள்கிறது. ஃபைப்ரினோஜென் கூடுகிறது, உறைவுக் காரணி எட்டு கூடுகிறது, உறைவைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் எஸ் குறைகிறது, உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிறது. கூடவே, கருப்பை வளர வளர இடுப்புக்குள் இருக்கும் சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தயங்கி ஓடுகிறது. பேற்றின்போது ரத்தக் குழாய்களின் சுவர்களும் காயப்படுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் மூன்று காரணங்கள் இவைதாம்: தேங்கும் ரத்தம், கெட்டிப்படும் ரத்தம், காயப்பட்ட குழாய். கர்ப்பத்திலும் பேற்றுக்குப் பிந்தைய வாரங்களிலும் மூன்றும் ஒருசேர ஓர் உடம்பில் கூடுகின்றன. அதனால் கருவுறாத அதே வயதுப் பெண்ணைவிடக் கர்ப்பிணிக்கு ஆபத்து நான்கிலிருந்து ஆறு மடங்கு கூடுகிறது. மேற்கத்தியக் கணக்குப்படி ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் இது நிகழ்கிறது. நம் பெண்களுக்கு அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும், சென்னை போன்ற நகரத்தின் பிறப்பு எண்ணிக்கைக்கு அது சின்னக் கணக்கல்ல.

பாதிதானா என்பதும் கேள்விக்குரியதே. இந்தியாவில் இந்த நோய் அபூர்வம் என்ற முடிவு எண்ணிப் பார்த்து வந்ததல்ல, எண்ணாததால் வந்தது. திடீரென்று மூச்சுத் திணறி இறந்துபோன பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரேதப் பரிசோதனை செய்யச் சம்மதிக்கும் குடும்பம் இங்கே அரிது. அப்படிப்பட்ட மரணம் ‘மாரடைப்பு’ என்றோ ‘மூச்சுத் திணறல்’ என்றோ பதிவாகிவிடும். எண்ணத் தொடங்கியபோது என்ன தெரிந்தது என்பதற்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஒரு சாட்சி. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டுப் பதிவுகளை அங்குள்ள அறுவை மருத்துவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். உள்நோயாளிகளாகச் சேர்ந்த பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேருக்கு, அறிகுறியோடு கூடிய ஆழ்சிரை ரத்த உறைவு உறுதியாகியிருந்தது. இந்தியாவில் இதை இனியும் அபூர்வ நோய் என்று சொல்ல முடியாது என்று 2009-இல் வெளியான அந்த ஆய்வு வெளிப்படையாக எழுதியது. அது எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்த கணக்கு. பிள்ளைப்பேற்றை மட்டும் பற்றியதல்ல. பிள்ளைப்பேற்றை மட்டும் பார்க்க வேண்டுமானால் நம் நரம்பியல் மருத்துவர்களைத்தான் கேட்க வேண்டும். உலகம் காலில் தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் தலையில் கண்டார்கள். மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரைகளில் உறைவு ஏற்பட்டு, பேற்றுக்குப் பின் சில நாட்களில் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுதல் என்று வந்த பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 1970-களிலிருந்தே எழுதி வந்திருக்கிறார்கள். கே. ஸ்ரீநிவாசன் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 நோயாளிகளைப் பற்றியது. மேற்கத்திய மருத்துவமனைகளில் ஒரு மருத்துவர் தன் ஆயுளில் சிலரைப் பார்த்தாலே அதிகம் என்றிருந்த நோய் அது. ஹைதராபாத் நிஸாம்ஸ் நிறுவனம் 2012-இல் மூளைச் சிரை உறைவு வந்த 428 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் பேற்றை ஒட்டி வந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், நல்ல செய்திதான். ஆனால் ‘இந்தியப் பெண்ணின் ரத்தம் உறையாது’ என்ற வாதம் அந்த 135 பேரோடு முடிந்துவிட்டது.

மரபணுவை விட்டுவிட்டு, எந்தெந்தக் காரணங்கள் ஒரு கர்ப்பிணியின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று பார்த்தால், இந்த வாதத்தின் ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி ஒவ்வொரு காரணத்துக்கும் புள்ளி போடுகிறது. முன்பே ரத்த உறைவு வந்திருந்தால் நான்கு புள்ளி. லூபஸ், இதயச் செயலிழப்பு, சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் நெஃப்ராட்டிக் நோய் போன்றவை இருந்தால் மூன்று. தண்ணீர்கூடத் தங்காத கடும் மசக்கைக்கும் மூன்று. வயது 35-ஐத் தாண்டினால் ஒன்று. உடல் நிறை குறியீடு 30-ஐ எட்டினால் ஒன்று, 40-ஐ எட்டினால் இரண்டு. இரட்டைக் குழந்தை, கர்ப்பகால ரத்தக் கொதிப்பின் கடும் வடிவமான பிரீஎக்லாம்ப்சியா, சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தல், தடித்த நாளச் சுருள், மூன்று பேறோ அதற்கு மேலோ ஆனவர், தொற்றுக் காய்ச்சல், அசையாமல் கிடத்தல், நீரிழப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று. திட்டமிட்ட சிசேரியனுக்கு ஒன்று. வலி எடுத்தபின் அவசரமாகச் செய்யும் சிசேரியனுக்கு இரண்டு. பேற்றின்போது ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலும் ரத்தம் ஏற்ற நேர்ந்தாலும் ஒன்று. இந்தப் பட்டியலில் இனம் என்ற வரியே கிடையாது. இருப்பவையோ நம் நகரத்தின் தெருக்களில் நடமாடுகிறவை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டின் சராசரி 21.5 மட்டுமே. தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நால்வர், அதாவது 40.4 விழுக்காட்டினர், அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்கிறது அதே ஆய்வு. தென் சென்னையில் படிப்பு, வேலை, வீட்டுக்கடன் என்று முதல் குழந்தை முப்பதுகளின் நடுவில் பிறப்பது இன்று விசேஷமே இல்லை. 1990-இல் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும் இதே சென்னையில்தான். இன்று கருத்தரிப்பு மையம் இல்லாத வட்டாரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த முறையில் கருவுற்றவர்களுக்கு முதல் மூன்று மாதங்களிலேயே ரத்த உறைவின் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் இருப்பதாக 2013-இல் ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. 36 வயது, பருமனான உடல், சோதனைக்குழாய்க் கரு என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்திலேயே மூன்று புள்ளி. பிரிட்டிஷ் நெறிப்படி 28-ஆம் வாரத்திலிருந்தே தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அவளுக்கே அவசர சிசேரியன் ஆனால், கருத்தரித்த முறையைக் கணக்கில் சேர்க்காமலே, பேற்றுக்குப் பின் நான்கு புள்ளி. இரண்டு இருந்தாலே குறைந்தது பத்து நாள் தடுப்பு ஊசி என்பது அந்த நெறி. அடையாறில் எந்தப் பெரிய மகப்பேறு மருத்துவமனையின் காத்திருப்பு வரிசையிலும் இப்படி ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

சிசேரியன் ஆனவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்ற துணை நம்பிக்கைக்கு மேலே உள்ள பட்டியலே பதில். சுகப்பிரசவம் ஆபத்தைக் குறைக்கிறது, அழித்துவிடுவதில்லை. 24 மணி நேரத்துக்கு மேல் நீண்ட வலி, ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, மிகுந்த ரத்தப்போக்கு, காய்ச்சல் என்று சேர்ந்தால், வயிற்றில் கத்தி படாத பெண்ணும் அதே வரிசைக்கு வந்துவிடுகிறாள்.

‘கால் வீங்குவது சகஜம்’ என்பதுதான் இந்த நம்பிக்கைகளிலேயே மிகவும் இயல்பாகத் தோன்றுவதும் மிகவும் ஆபத்தானதும். கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கால் வீங்கும் என்பது உண்மை. சாயங்காலம் வீங்கும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் வடியும், இரண்டு காலிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். ரத்த உறைவின் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். அதுவும் இடது காலில். கர்ப்பகால ஆழ்சிரை உறைவில் பத்தில் ஒன்பது இடது காலில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடது காலின் ரத்தத்தை ஏந்தி வரும் இடுப்புச் சிரையின் குறுக்கே வலது பக்கத் தமனி கடந்து போகிறது. வளர்ந்த கருப்பை அந்த இடத்தை மேலும் அழுத்துகிறது. கர்ப்பிணிகளுக்கு உறைவு கெண்டைக்காலில் தொடங்காமல் நேராகத் தொடையிலும் இடுப்பிலும் தொடங்குவதும் உண்டு. அப்போது வலி அடிவயிற்றிலோ கீழ் முதுகிலோ தெரியும், ‘வாயுப் பிடிப்பு’ என்று ஒத்தடம் கொடுத்துவிடுவோம். நீவி விடுவது இதைவிட மோசம். எண்ணெய் தேய்த்துக் காலை உருவி விடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். உறைவு இருக்கும் காலில் அது கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். சந்தேகம் வந்தால் டாப்ளர் ஸ்கேன் போதும். அதில் கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்குக் கெடுதல் கிடையாது. ரத்தத்தில் பார்க்கும் டி-டைமர் பரிசோதனையை மட்டும் நம்பி இருக்க முடியாது. நோயில்லாத கர்ப்பிணிக்கும் அது கூடுதலாகவே காட்டும்.

படுத்தே கிடந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் இதில் பாட்டியும் சில மருத்துவர்களும் ஒரே கட்சி. கரு வைத்தபின் அசையக் கூடாது, லேசாக ரத்தம் கசிந்தால் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ‘பெட் ரெஸ்ட்’ எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. படுக்கை ஓய்வால் கரு நிலைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. ரத்தம் தேங்கும் என்பதற்கோ சான்று ஏராளம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் சிரையிலுள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. காலை அசைக்காமல் கிடக்கும் கர்ப்பிணிக்கு அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. பிரசவத்துக்காகப் பெங்களூரிலிருந்து காரில் ஆறேழு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து தாய்வீட்டுக்கு வரும் மகளுக்கும் இதுவேதான் நடக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை வழிகாட்டுநெறிகள் தனியாகவே குறிப்பிடுகின்றன. நடுவில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி நடப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

பேற்றுக்குப் பின் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு தொங்கிப்போகும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் முற்றிலும் போகவில்லை. சித்திரை வெயிலில், பால் கொடுத்துக்கொண்டு, ரத்தம் இழந்த உடம்போடு இருப்பவளுக்கு இது ரத்தத்தை மேலும் கெட்டிப்படுத்தும் வேலை. மூளைச் சிரை உறைவு இந்தியத் தாய்மார்களிடம் அதிகமாகக் காணப்பட்டதற்கான காரணங்களில் இந்த நீரிழப்பையும் ரத்தசோகையையும் தொற்றையும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இதனால் பேறுகால மரபு முழுவதும் மூடத்தனம் என்று ஆகிவிடாது. பெற்றவளைத் தாய்வீட்டில் வைத்து, அடுப்படி வேலையிலிருந்து விடுவித்து, நேரத்துக்குச் சூடாகச் சோறு போடுவதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த நாட்டு மருத்துவமும் கண்டுபிடித்துவிடவில்லை. கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில் வாங்கிய பிரசவ லேகியம் யாருடைய ரத்தத்தையும் உறைய வைக்கப் போவதில்லை. கேள்வி லேகியத்தைப் பற்றியதல்ல. அதை எடுத்துக்கொள்ளக் கட்டிலிலிருந்து எழுந்து வரச் சொல்கிறோமா, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோமா என்பதைப் பற்றியது. “அசையாமல் படு, தையல் பிரிந்துவிடும்” என்ற அதட்டலில் மருத்துவ உண்மை ஏதும் இல்லை. சிசேரியன் முடிந்த பெண்ணையும் மரத்துப்போன உணர்வு தெளிந்தவுடன் நடக்க வைப்பதுதான் இன்றைய முறை. கூடிய சீக்கிரம் எழுந்து நடப்பதும் தாகம் தீரத் தண்ணீர் குடிப்பதும் எல்லா நெறிகளும் ஒப்புக்கொள்ளும் தடுப்பு.

வீட்டுக்கு வந்தால் கண்டம் தாண்டியாயிற்று என்பது கணக்கின்படி உண்மைக்கு நேர்மாறு. கர்ப்பத்தின் ஒன்பது மாதங்களைவிடப் பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்களில், நாளுக்கு நாள் ஒப்பிட்டால், ஆபத்து பன்மடங்கு அதிகம். அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் முப்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டவர்கள் கர்ப்பகாலத்தைவிட ஐந்து மடங்கு என்றார்கள். கலிபோர்னியாவில் குழந்தை பெற்ற 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வு இன்னும் துல்லியமானது. அதே பெண்களின் ஓராண்டுக்குப் பிந்தைய நிலையோடு ஒப்பிட்டால், பக்கவாதம், மாரடைப்பு உள்ளிட்ட ரத்த உறைவு நோய்கள் முதல் ஆறு வாரத்தில் பதினோரு மடங்கை நெருங்கின; ஏழிலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரைகூட இரண்டு மடங்கு இருந்தன. சிசேரியன் ஆனவர் ஆஸ்பத்திரியில் இருப்பது நான்கைந்து நாள். அதற்குப் பின் ஆபத்து முழுக்க வீட்டுக் கட்டிலில், மருத்துவர் கண்ணில் படாத இடத்தில். மூச்சு வாங்கினால் ‘உடம்பு அசதி’ என்பார்கள், நெஞ்சு வலித்தால் ‘பால் கட்டியிருக்கும்’ என்பார்கள், தலைவலி என்றால் ‘முதுகில் ஊசி போட்டதால்’ என்பார்கள். மூன்றும் பெரும்பாலான நேரம் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத அந்த ஒரு முறைக்காகத்தான் இவ்வளவும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை இந்த ஆறு வாரங்களில் பாலூட்டும் தாய் தொடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் இங்கேயே நினைவில் கொள்ளலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஊசியைப் பற்றியது. ரத்தப்போக்கே தாய்மாரைக் கொல்லும் நாட்டில் ரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுப்பது பொறுப்பில்லாத செயல் என்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 2003–05 ஆண்டுகளில் ரத்த உறைவால் 41 தாய்மார் இறந்தார்கள். 2004-இல் தடுப்பு நெறி வந்தது. 2006–08-இல் அந்த எண்ணிக்கை 18 ஆனது. பாதிக்கும் மேல் குறைவு. ஆனால் அங்கே கர்ப்பத்தால் நேரடியாக நேரும் மரணங்களில் இன்றும் முதலிடம் இதற்குத்தான். ஊசி மட்டும் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. யாருக்கு ஊசி என்பதிலும் வல்லுநர்களிடையே ஒற்றுமை இல்லை. சிசேரியன் ஆன ஒரே பெண்கள் கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் நெறியைப் பொருத்தினால் 85 விழுக்காட்டினருக்கு ஊசி, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நெறியைப் பொருத்தினால் வெறும் ஒரு விழுக்காட்டினருக்கு என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனைகள் போதாததே இந்த இடைவெளிக்குக் காரணம். ஆகவே எல்லோருக்கும் ஊசி என்று வாதிடுவது என் நோக்கமில்லை. எல்லோரிடமும் கேள்வி கேளுங்கள், அதிக ஆபத்துள்ளவரை அடையாளம் காணுங்கள், அவருக்கு மட்டும் யோசியுங்கள் என்பதே வாதம். அந்த வரம்புக்குள் ஹெப்பாரின் வகை ஊசி நன்கு பழகிய மருந்துதான். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை, பால் கொடுப்பதற்கும் தடையில்லை. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது போன்ற ஒழுங்குகள் மயக்கவியல் மருத்துவருக்குத் தெரிந்தவையே. ரத்தப்போக்கு ஓயாத பெண்ணுக்கு ஊசி இல்லாமல் காலுறையும் காலை அழுத்தும் கருவியும் இருக்கின்றன. ரத்தப்போக்கைக் காட்டி உறைவை மறுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: மிகுந்த ரத்தப்போக்கே உறைவுக்கான ஒரு காரணமாகப் பட்டியலில் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊசிக்கு இவ்வளவு பயம் பேசும் இதே நாட்டில், மீண்டும் மீண்டும் கரு கலைந்தவர்களுக்குக் ‘கரு ஒட்டிக்கொள்ள’ என்று ஹெப்பாரின் ஊசியைத் தயங்காமல் எழுதும் பழக்கம் இருக்கிறது. ஆன்டிபாஸ்போலிபிட் என்ற குறிப்பிட்ட கோளாறு இருப்பவர்களுக்கு அது பயன்படும். பரம்பரை உறைவுக் கோளாறு உள்ள, பலமுறை கரு கலைந்த பெண்களுக்கு அதனால் பயனில்லை என்று 2023-இல் லான்செட் இதழில் வந்த சோதனை காட்டிவிட்டது. பயன் நிரூபணமாகாத இடத்தில் ஊசி தாராளம். ஆபத்து கண்கூடான இடத்தில் ‘நம்மவர்களுக்கு வராது’.

முன்னுரிமை பற்றிய ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது: ரத்தசோகையும் ரத்தப்போக்கும் ரத்தக்கொதிப்பும் தீராதபோது இது எதற்கு? உலக சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வின்படி உலகத் தாய் மரணங்களில் ரத்தப்போக்கின் பங்கு 27 விழுக்காடு. ரத்தக் குழாயடைப்பின் பங்கு 3 மட்டுமே. ஆனால் வளர்ந்த நாடுகளில் அதே குழாயடைப்பின் பங்கு 14 விழுக்காடு. அங்கே நோய் புதிதாக முளைக்கவில்லை. மற்ற காரணங்கள் வடிந்ததும் அது வெளியே தெரிந்தது. தமிழ்நாடு எந்தப் பக்கம் நிற்கிறது? 2018–20-இல் இந்தியாவின் தாய் மரண விகிதம் லட்சத்துக்கு 97, தமிழ்நாட்டில் 54. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் இது. ரத்தப்போக்கை அடக்கப் பழகிவிட்ட ஒரு மாநிலம், அடுத்து வருவதை எண்ணத் தொடங்குவதுதான் முறை. பக்கத்துக் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆய்ந்து பாடம் படித்து வருகிறது. நம்மிடமும் முன்மாதிரி உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்தியபோது அது வீண் செலவு என்றவர்கள் இல்லாமலில்லை. இன்று நாட்டுக்கே முன்னோடியாக இந்த மாநிலத்தில் அது வழக்கமாகிவிட்டது. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்காத கர்ப்பிணி மயிலாப்பூரில் இல்லை. ரத்த உறைவுக்கான கேள்வித்தாளுக்கு அந்தக் குளுக்கோஸ்கூட வேண்டாம். ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். முதல் வருகையில் ஒரு முறை, இடையில் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அப்போது ஒரு முறை, பேறு முடிந்தவுடன் ஒரு முறை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் இதைத் தொடங்கினால், ஊசி போடும் வரம்பைப் பிரிட்டனிடமோ அமெரிக்காவிடமோ கடன் வாங்காமல் நம் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் கர்ப்பிணியோ அவள் தாயோ கணவனோ அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள், “ரத்த உறைவுக்கு எனக்கு எத்தனை புள்ளி?” என்று கேளுங்கள். குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்து விழுந்தாலோ, இதுவரை இல்லாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ வலிப்பு வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவரிடம் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்று தொடங்காமல், பிள்ளை பெற்று எத்தனை நாளாயிற்று என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.